கோட்டு தெரியாத டாக்டர்

1986 கடைசியில் லண்டனில் ஒரு நடிகரை வேலையிலிருந்து எடுத்தார்கள். பெயர் காலின் பேக்கர். பிபிசியின் 'டாக்டர் ஹூ' தொடரில் கதாநாயகன். தொடர் ஆட்டம் கண்டிருந்தது. யார் தலையையாவது உருட்டியாக வேண்டும், உருட்டிவிட்டார்கள். கம்பெனி நஷ்டத்தில் ஓடினால் முதலில் சேல்ஸ் மேனேஜரைத்தானே வீட்டுக்கு அனுப்புவார்கள்? அது மாதிரி.

இதுவரை சாதாரண விஷயம். சினிமாவிலும் டி.வி.யிலும் தினம் நடப்பது. அதற்கப்புறம் நடந்ததுதான் சமாசாரம். அதே மனிதர் 13 வருஷம் கழித்து அதே வேலையில் திரும்பச் சேர்ந்தார். இந்தத் தடவை முகம் கிடையாது, குரல் மட்டும்.

டாக்டர் ஹூ தெரியாதவர்களுக்கு ஒரு சின்ன முன்கதை. தெரிந்தவர்கள் ஒரு பாராவைத் தாண்டிக்கொள்ளலாம். 1963 நவம்பர் 23, அதாவது கென்னடி சுடப்பட்ட மறுநாள் சாயங்காலம், பிபிசியில் ஆரம்பித்த அறிவியல் புனைகதைத் தொடர். நாயகனுக்குப் பெயர் கிடையாது, வெறும் 'டாக்டர்'. வேற்றுக்கிரகவாசி. வைத்தியமெல்லாம் பார்க்க மாட்டார். அந்தக் காலத்தில் போலீஸைக் கூப்பிட லண்டன் தெருமுனைகளில் வைத்திருந்த நீலநிற டெலிபோன் பெட்டி மாதிரி ஒரு கால இயந்திரம் வைத்திருக்கிறார். பெயர் டார்டிஸ். வெளியே ஒரு ஆள் நிற்கிற அளவு, உள்ளே போனால் அரண்மனை. கூட ஒரு தோழியோ தோழனோ இருப்பார்கள். 1966-ல் முதல் டாக்டராக நடித்த வில்லியம் ஹார்ட்னலுக்கு உடம்பு முடியாமல் போனபோது ஒரு தந்திரம் செய்தார்கள். சாவு நெருங்கினால் டாக்டருக்கு உடம்பு புதுசாக மாறிவிடும் என்று எழுதிவிட்டார்கள். விக்கிரமாதித்தன் கூடு விட்டுக் கூடு பாய்வானே, அந்த ஜாதி. இங்கே ஆள் அப்படியே இருக்க, கூடு மட்டும் மாறிக்கொள்ளும். இந்த ஒரு யோசனையால்தான் நடிகர் போனாலும் தொடர் போகாமல் ஓடியது. காலின் பேக்கர் ஆறாவது கூடு.

அவருக்கு ராசியில்லாத நேரம். 1984-ல் வந்த முதல் கதையிலேயே, உடம்பு மாறின குழப்பத்தில் சொந்தத் தோழியின் கழுத்தை நெரிக்கிற மாதிரி எழுதியிருந்தார்கள். எந்த வீட்டுக் குழந்தைக்குப் பிடிக்கும்? அதோடு அந்தக் கோட்டு. ரசனையே இல்லாத உடை வேண்டும் என்று தயாரிப்பாளரே சொல்லித் தைத்தது. சிவப்பு, மஞ்சள், பச்சை, ரோஸ் என்று தையல்காரர் மீந்த துணியையெல்லாம் ஒட்டுப் போட்ட மாதிரி இருக்கும். கீழே மஞ்சளில் கோடு போட்ட கால்சட்டை. மனிதர் என்ன வசனம் பேசினாலும் பார்க்கிறவன் கண் கோட்டிலேயே நிற்கும்.

1985-ல் பிபிசி 1-ன் தலைமைப் பொறுப்பில் இருந்த மைக்கேல் கிரேடு தொடரை நிறுத்திவைத்தார். அவருக்கு இந்தத் தொடர் பிடிக்காது, அதை அவர் மறைத்ததும் இல்லை. ஏறத்தாழ ஒன்றரை வருஷ இடைவெளிக்குப் பிறகு 14 வாரம் மட்டும் ஓடட்டும் என்றார்கள். அந்த 14 வாரக் கதை என்ன தெரியுமா? டாக்டர் மீது ஒரு கோர்ட்டில் வழக்கு விசாரணை! கதையில் டாக்டர் தப்பித்துவிட்டார். வெளியே நடிகருக்குத் தீர்ப்பாகிவிட்டது.

அடுத்த டாக்டர் வருவதற்காக ஒரு கதை மட்டும் நடித்துச் செத்துக் கொடுங்கள் என்று கேட்டார்கள். பேக்கர் மாட்டேன் என்றுவிட்டார். நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். வேலையை விட்டு எடுத்துவிட்டு, புது ஆளுக்கு நாற்காலியைத் துடைத்துக் கொடுத்துவிட்டுப் போ என்றால் எப்படி? ஆகவே 1987 செப்டம்பரில் புது டாக்டர் சில்வெஸ்டர் மெக்காய்க்கே சுருட்டை விக்கை மாட்டி, அந்தக் கோட்டையும் போட்டுவிட்டு, தரையில் கிடக்க வைத்து எடுத்தார்கள். திருப்பிப் போட்டால் முகம் மாறுகிறது. காரியம் சில நொடிகளில் முடிந்தது. ஆறாவது டாக்டர் எதனால் செத்தார் என்று யாருக்கும் சரியாகப் புரியவில்லை.

இரண்டு வருஷம் கழித்து, 1989 டிசம்பர் 6-ஆம் தேதியோடு தொடரே நின்றது. 26 வருஷம் ஓடியதற்கு விழா, வழியனுப்பு என்று ஒன்றும் இல்லை. அடுத்த வருஷம் வரவில்லை, அவ்வளவுதான்.

இங்கே கொஞ்சம் பின்னால் போக வேண்டும். அறுபதுகளில் எடுத்த டாக்டர் ஹூ எபிசோடுகளில் தொண்ணூறுக்கும் மேல் இன்று படமாகக் கிடையாது. பிபிசியே அழித்துவிட்டது. வீடியோ டேப் அப்போது விலை அதிகம், அழித்துவிட்டு மறுபடி உபயோகிப்பார்கள். பழசை மறு ஒளிபரப்பு செய்யவும் நடிகர்களோடு போட்ட ஒப்பந்தம் சுலபத்தில் இடம் தராது. பி.காம். படித்தவனுக்கு இது நன்றாகவே புரியும். புத்தக மதிப்பு பூஜ்யம், ஆகவே சரக்கை ஒழித்துக்கட்டு. எந்தக் கணக்குப்பிள்ளையும் தப்பு சொல்ல முடியாத முடிவு.

ஆனால் அழிந்துபோன அத்தனை எபிசோடுக்கும் ஒலி இருக்கிறது. ஒன்று பாக்கியில்லை. எப்படி? இங்கிலாந்தில் அங்கங்கே சில பையன்கள், டி.வி. ஸ்பீக்கர் பக்கத்தில் மைக்கை வைத்து, சத்தம் போடாதே என்று வீட்டாரை அதட்டிவிட்டு, ஸ்பூல் டேப்பில் பதிவு செய்து வைத்திருந்தார்கள். வீடியோ இல்லாத காலம். மறுபடி அனுபவிக்க அது ஒன்றுதான் வழி. நம்மூரில் படத்தைப் பார்ப்பதற்கு முன்பே கல்யாண வீட்டு ஒலிபெருக்கியில் 'திருவிளையாடல்' வசனத்தை மனப்பாடம் செய்தவர்களுக்கு இந்தப் பையன்களின் காது எப்படிப்பட்டது என்று விளக்க வேண்டியதில்லை.

அடுத்த தலைமுறை ரசிகர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். 1984 வாக்கில், தொடர் ஓடிக்கொண்டிருக்கும்போதே, தாங்களே புதுக் கதை எழுதி, தாங்களே நடித்து, கேசட்டில் பதிந்து மற்ற ரசிகர்களுக்குக் கொடுக்க ஆரம்பித்தார்கள். 'ஆடியோ விஷுவல்ஸ்' என்று பெயர். உரிமை, லைசென்ஸ் எதுவும் கிடையாது. அதில் டாக்டராகப் பேசிய இளைஞர் நிக்கோலஸ் பிரிக்ஸ். கூட வேலை செய்தவர் கேரி ரஸ்ஸல். இந்த இரண்டு பெயரையும் ஞாபகத்தில் வையுங்கள்.

தொடர் செத்துப்போன தொண்ணூறுகளில் ஜேசன் ஹெய்-எல்லரி என்பவர் 'பிக் ஃபினிஷ்' என்று ஒரு ஒலி நாடகக் கம்பெனி ஆரம்பித்தார். டாக்டர் ஹூ உரிமை முதலில் கிடைக்கவில்லை. சோர்ந்துவிடாமல் டாக்டர் ஹூ நாவல்களில் வந்த ஒரு தோழி பாத்திரத்தை வைத்து 1998-ல் நாடகம் போட்டுக் காட்டினார்கள். இது ஒரு சாம்பிள் பாக்கெட். பிடித்துப்போய் மறுவருஷமே பிபிசி லைசென்ஸ் கொடுத்தது. தயாரிப்பாளர் கேரி ரஸ்ஸல். 1999 ஜூலையில் முதல் சிடி வந்தது. எழுதி இயக்கியவர் நிக்கோலஸ் பிரிக்ஸ். திருட்டு கேசட் பார்ட்டி மொத்தமும் முன்வாசல் வழியாக உள்ளே வந்துவிட்டது.

அந்த முதல் சிடியில் மூன்று பழைய டாக்டர்கள் பேசினார்கள். பீட்டர் டேவிசன், சில்வெஸ்டர் மெக்காய், நடுவில் காலின் பேக்கர்.

ஒலி நாடகத்துக்குப் பெரிய சௌகரியம் செலவு. டி.வி.யில் ஒரு கிரகம் காட்ட வேண்டுமானால் தெர்மோகோலும் பெயிண்டும் ஆளும் வேண்டும். அப்படியும் தெர்மோகோல் என்று தெரிந்துவிடும். பழைய டாக்டர் ஹூ-வில் செட் ஆடுவது இங்கிலாந்தில் ஒரு தேசிய ஜோக். காதுக்கு அந்தப் பிரச்னை இல்லை. நடிகர்கள் தனித்தனிக் கண்ணாடி அறையில் நின்று பேசுகிறார்கள், சத்தமும் இசையும் பிறகு சேர்கின்றன, ஆயிரம் விண்கலம் வந்து இறங்கிவிடுகிறது. டார்டிஸ் கிளம்பும் அந்த மூச்சிரைப்பு ஓசை, 1963-ல் பிரையன் ஹாட்ஜ்சன் என்ற ஒலிக்கலைஞர் வீட்டுச் சாவியால் பழைய பியானோ கம்பியைக் கீறி உண்டாக்கியது. அந்த ஒரு ஓசை போதும், செட்டே வேண்டாம்.

இரண்டாவது சௌகரியம் வயசு. குரலுக்கும் வயசாகும், ஆனால் வயிற்றைப் போல வேகமாக ஆகாது. ஐம்பத்தாறு வயது பேக்கர் நாற்பது வயது டாக்டராக வந்து நின்றார், யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக, கோட்டு கண்ணுக்குத் தெரியவில்லை!

அது போனதும் பேக்கரின் நல்ல கனமான, நாடக மேடைக்குப் பழகின குரல் தனியாக வெளியே வந்தது. அதில் கர்வம் இருக்கிறது, கிண்டல் இருக்கிறது, அடியில் ஒரு அன்பும் இருக்கிறது. 2000-ல் அவருக்கு ஒரு புதுத் தோழியைக் கொடுத்தார்கள். ஈவ்லின் ஸ்மைத், சரித்திரப் பேராசிரியை. ஐம்பது தாண்டியவர், இதயம் பலவீனம், சாக்லேட் கேக் பிரியை. நடித்தவர் மேகி ஸ்டேபிள்ஸ். டாக்டர் பெரிய மனுஷத்தனம் காட்டினால், வகுப்பில் பின்பெஞ்சுக்காரனை அடக்குகிற மாதிரி ஒரே வாக்கியத்தில் உட்கார வைத்துவிடுவார். குட்டைப் பாவாடை போட்ட இளம்பெண் அலறிக்கொண்டு ஓடுவதுதான் டி.வி. டாக்டர் ஹூ-வில் தோழியின் உத்தியோகம். இப்படி ஒரு அம்மாளைத் தோழியாகப் போட எந்த டி.வி. மேனேஜர் ஒப்புக்கொண்டிருப்பார்?

இந்த ஜோடியின் 'ஜூபிலி' 2003 ஜனவரியில் வந்தது. எழுதியவர் ராபர்ட் ஷியர்மன். டாலெக் என்று ஒரு எதிரி இனம் உண்டு. மிளகுப்பொடி டப்பி மாதிரி உருவம், உள்ளே வெறுப்பே உயிராக ஒரு ஜந்து. டி.வி.யில் காலப்போக்கில் கோமாளியாகிவிட்ட வில்லன்கள். ஷியர்மன் ஒரே ஒரு டாலெக்கை லண்டன் டவரில் சங்கிலி போட்டு அடைத்து, மனிதர்கள் அதைச் சித்திரவதை செய்வதாக எழுதினார். வெளியே டாலெக் பொம்மையும் சட்டையும் விற்கிற ஊர். இந்த நாடகத்தை நான் கேட்டது சாயங்கால தாம்பரம் லோக்கலில், கிண்டியில் ஏறிய கூட்டத்துக்கு நடுவில். ஈவ்லினும் அந்த ஜந்துவும் தனியாகப் பேசுகிற இடத்தில், பக்கத்தில் பட்டாணி விற்றவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்ன சார், ஒடம்புக்கு முடியலையா?" என்று கேட்டார்.

2005 மார்ச்சில் டாக்டர் ஹூ டி.வி.க்குத் திரும்பி வந்தது. புத்துயிர் கொடுத்தவர் ரஸ்ஸல் டி டேவிஸ். டாலெக்கைப் புதுத் தலைமுறைக்கு எப்படி அறிமுகப்படுத்துவது என்று யோசித்தவர், கூப்பிட்டது ஷியர்மனை. அந்த ஏப்ரலில் வந்த 'டாலெக்' எபிசோடுக்கு விதை 'ஜூபிலி'தான். சங்கிலியில் ஒற்றை டாலெக், அதனிடம் இரக்கப்படும் பெண் எல்லாம் அப்படியே, கதை மட்டும் வேறு. டாலெக்குக்குக் குரல் கொடுத்தவர் யார்? நிக்கோலஸ் பிரிக்ஸ். ரிங் மாடுலேட்டர் என்ற கருவியை வைத்துக்கொண்டு சிடியில் கத்திக்கொண்டிருந்தவர் பிபிசி ஸ்டுடியோவில் கத்த ஆரம்பித்தார். அதே வருஷம் பத்தாவது டாக்டராக வந்த டேவிட் டென்னன்ட்டும் முன்பே இந்த சிடிக்களில் சின்னச் சின்ன வேஷம் பேசியவர்தான். 2001-ல் வந்த ஒன்றில் நாஜி சிப்பாய்.

தொடர் மறுபடி பிழைத்தது ஒலி நாடகத்தால்தான் என்று சொன்னால் அது மிகை. டேவிஸ் இல்லாமல் அது நடந்திருக்காது, பிபிசியின் பணம் இல்லாமலும் நடந்திருக்காது. ஆனால் கடை மூடியிருந்த காலத்தில் அடுப்பு அணையாமல் பார்த்துக்கொண்டவர்கள் இவர்கள். புது முதலாளி வந்தபோது பதம் தெரிந்த சமையல்காரர்கள் தயாராக இருந்தார்கள்.

பால் மெக்கான் கதை இன்னும் வேடிக்கை. 1996-ல் ஒரே ஒரு டெலிஃபிலிமில் எட்டாவது டாக்டராக வந்தார், படம் எடுபடவில்லை, போய்விட்டார். 2001 ஜனவரியில் ஒலி நாடகத்தில் அவரைப் பிடித்துப் போட்டார்கள். முதல் கதை ஆர்101 ஆகாயக் கப்பலில். இது நிஜமாகவே இருந்த கப்பல். 1930 அக்டோபரில் இங்கிலாந்திலிருந்து அப்போதைய நம் கராச்சிக்குப் புறப்பட்டு, பிரான்சில் விழுந்து எரிந்து, 54 பேரில் 48 பேர் செத்துப்போனார்கள். அந்தக் கப்பலில் திருட்டுத்தனமாக ஏறிய சார்லி என்ற பெண்ணை டாக்டர் காப்பாற்றிவிடுகிறார். சரித்திரப்படி அவள் செத்திருக்க வேண்டும். பிறகு வந்த பல நாடகங்கள் அந்த ஒரு உயிரின் கணக்கு நேராகாமல் தவிப்பதுதான். (சார்லியாகப் பேசியவரின் பெயர் இந்தியா ஃபிஷர். கராச்சி போகிற கப்பலுக்கு எப்படிப் பொருந்துகிறது பாருங்கள்.)

2013 நவம்பரில் பிபிசி ஏழு நிமிஷக் குறும்படம் ஒன்றை வெளியிட்டது. 17 வருஷம் கழித்து மெக்கான் திரையில் வருகிறார், உடம்பு மாறப்போகிறது. அதற்கு முன் தன் தோழர்களின் பெயரைச் சொல்லி விடைபெறுகிறார். சார்லி, கிரிஸ், லூசி, டாம்சின், மாலி. அத்தனையும் காதில் மட்டுமே வாழ்ந்த பெயர்கள். சிடி கேட்காதவர்களுக்கு அந்த வரி ஒன்றுமே இல்லை. கேட்டவர்களுக்கு, ஏதோ தங்கள் ரேஷன் கார்டில் அரசாங்கம் பெயர் சேர்த்துக் கொடுத்த மாதிரி. அந்தக் குறும்படத்தை எழுதிய ஸ்டீவன் மொஃபட், முன்பு வேறொரு தொடருக்கு எழுதிய எபிசோடு ஒன்றின் தலைப்பிலிருந்துதான் பிக் ஃபினிஷ் கம்பெனிக்கே பெயர் வைத்தார்கள்.

எல்லாம் தங்கம் என்று சொல்லமாட்டேன். வெற்றி வந்ததும் கம்பெனி கதையை நிறுத்தவே மாட்டேன் என்கிறது. மாதம் ஒன்று என்று வந்த மூல வரிசையே 2021-ல் நிறுத்தும்போது 275 நாடகம் ஆகியிருந்தது. பக்கவாட்டில் தோழிக்கு ஒரு தொடர், வில்லனுக்கு ஒரு தொடர். சிலதில் "ஐயோ, அதோ மூன்று தலைப் பாம்பு துப்பாக்கியோடு நம்மை நோக்கி வருகிறதே!" என்று கண்ணில்லாதவனுக்குப் படம் காட்டுகிற வசனம். சண்டைக் காட்சி வந்தால் யார் யாரை அடிக்கிறார்கள் என்றே தெரியாது, பாத்திரக்கடையில் பூனை புகுந்த சத்தம்தான்.

இன்னொன்றும் மனசை உறுத்துகிறது. நடிகர்கள் இறந்துவிட்டால்? மேரி டாம் என்ற நடிகை, எழுபதுகளில் நான்காவது டாக்டரின் தோழி. அதே டாம் பேக்கரோடு ஒரு முழு வரிசை பேசிக் கொடுத்துவிட்டு 2012 ஜூலையில் காலமானார். 2013 ஜனவரியில் முதல் கதை வந்தது. முழுக்க நகைச்சுவை. அதை என்னால் ஏற்றுக்கொள்ள முடிகிறது, அது அவர் குரல். 2011-ல் மறைந்த எலிசபெத் ஸ்லேடனின் பாத்திரத்தை 2021 முதல் அவருடைய மகள் சேடி மில்லர் பேசுகிறார். முதல் நாடகத்தில் எதிரே பேசுவது, எண்பது தாண்டிய அதே டாம் பேக்கர். இரண்டாவது டாக்டர் பேட்ரிக் ட்ரவுட்டனுக்கு 2022 முதல் மகன் மைக்கேல். நன்றாகவே செய்கிறார்கள். ஆனாலும் அம்மாவின் புடவையை மகள் கட்டிக்கொண்டு கூடத்தில் நடந்து வந்தால், பார்க்கிறவருக்குத் தொண்டை அடைக்குமே, அந்தச் சங்கடம் எனக்குத் தீரவில்லை. தொடர்ந்து கேட்கிறேன், அது வேறு விஷயம்.

காலின் பேக்கரிடம் வருகிறேன். 1985-ல் கைவிட்ட சீசனுக்கு எழுதி வைத்த கதைகளைத் தூசி தட்டி எடுத்து, 2009 முதல் அவரையும் பழைய தோழி நிக்கோலா பிரையன்ட்டையும் வைத்தே பதிவு செய்தார்கள். முதல் கதையை எழுதிய கிரஹாம் வில்லியம்ஸ் 1990-லேயே இறந்துவிட்டார். பாக்கி வைத்த சம்பளத்தை வாரிசுகளிடம் கொண்டுபோய்க் கொடுக்கிற காரியம்.

ஒரே ஒரு பாக்கி மிச்சமிருந்தது. 2015 ஆகஸ்டில் 'தி லாஸ்ட் அட்வெஞ்சர்' வந்தது. நான்கு கதை. கடைசிக் கதையை எழுதியவர் பிரிக்ஸ். 1986-ல் கோர்ட்டில் டாக்டருக்கு எதிராக வாதாடிய அதே வில்லன் வேலியார்டு, அதே நடிகர் மைக்கேல் ஜேஸ்டன் குரலில் எதிரே வந்து நின்றார். இந்தத் தடவை டாக்டர் தரையில் விழுந்து கிடக்கவில்லை. அவனைத் தோற்கடிக்க வேறு வழியில்லை என்று தெரிந்து, டார்டிஸை ஆபத்தான கதிர்வீச்சுக்குள் தானே திருப்பி, தெரிந்தே சாகிறார். 28 வருஷத்துக்கு முன் விக்கு வைத்த ஆள் செத்த சாவை, உரியவர் தன் குரலில் செத்துக் காட்டினார்.

அதற்கப்புறமும் அவரை வீட்டுக்கு அனுப்பவில்லை. கால இயந்திரக் கதையாயிற்றே, சாவுக்கு முந்தைய சாகசங்கள் எத்தனை வேண்டுமானாலும் பாக்கியிருக்கலாம். 2023-ல் அவருக்கு 80 வயது ஆனது. அந்த வருஷமும் ஆறாவது டாக்டர் சாகசம் வந்தது.